டர்போ காருக்கு நான் எழுதிய நிஜ எஸ்டிமேட்

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் காலையில் சென்னியப்பன் என் பட்டறைக்கு வந்து, ஒரு சாக்கை ஒர்க் பெஞ்சின்மேல் தொம்மென்று வைத்தார். அப்போது என் பட்டறை சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம். லாரி, ரிக் வண்டி டீசல் இன்ஜின் வேலைதான் எனக்குச் சோறு போட்டது. யாரும் சொல்லிக்கொடுத்த தொழில் இல்லை. கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்ட முடியாமல் முழித்து, அப்படியே பழகிக்கொண்டது.

சாக்குக்குள் ஒரு டர்போ இருந்தது. போர்வெல் போடும் ரிக் வண்டியில் கம்ப்ரஸரை ஓட்ட ஒரு பெரிய இன்ஜின் இருக்குமே, அதிலிருந்து கழற்றியது. இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அது கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும். டர்போ என்றால் அவ்வளவுதான்.

"அண்ணா, இதை நம்ம காருக்கு மாட்டோணும். டர்போ சும்மாவே கெடச்சிருச்சு. கூலி மட்டும் சொல்லுங்க."

சென்னியப்பன் புதுச்சத்திரம் பக்கத்தில் தோட்டம்துரவு உள்ள வீட்டுப் பிள்ளை. வீட்டில் மூன்று ரிக் ஓடின. பத்து வருஷமாக மூன்றுக்கும் நான்தான் மெக்கானிக். அவர் 'நம்ம கார்' என்றது, ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கிய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை. அதைத் துடைப்பதற்கென்றே தனி வேட்டி வைத்திருந்த மனுஷன் அவர்.

"தம்பி, இது பதினோரு லிட்டர் இன்ஜின் ஊதினாத்தான் சுத்தும். உங்க காரு ஒன்றரை லிட்டர். அது ஊதி இது சுத்தறதுக்குள்ள நீங்க நாமக்கல் போய் காப்பி குடிச்சிட்டே வந்துருவீங்க."

"அப்ப சின்னதா ஒண்ணு பாத்து மாட்டுங்க. மரவள்ளிக் கெழங்கு வித்த என் பங்கு பதினாலாயிரம் இருக்குது. அதுக்குள்ள முடியோணும். அப்பா ஒரே பேச்சா சொல்லிட்டாருங்ணா. இந்த வேலைல காரு கெட்டுதுன்னா வித்துப்போடுவாராம்."

நான் இரண்டு நாள் உட்கார்ந்து எஸ்டிமேட் எழுதினேன். முன்பின் செய்யாத வேலை. கோயமுத்தூர் ஸ்கிராப் கடையில் விசாரித்தேன், ஃபவுண்டரியில் விசாரித்தேன். சின்ன டர்போ. அதை உட்கார வைக்கப் புது மேனிஃபோல்டு, அதாவது புகைக்குழாய். ஆயில் போக ஒரு லைன், திரும்ப ஒரு லைன். அழுத்தத்தைக் குறைக்க இன்ஜின் மூடிக்கு அடியில் தடித்த ஹெட் கேஸ்கெட். பெட்ரோல் பம்ப், கிளட்ச், பெரிய ரேடியேட்டர், பிரேக். கடைசி வரியாக, 'மறுபடி கழற்ற - 2,000' என்று எழுதினேன். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிடும் என்று நினைக்கிறவன் இந்த வேலைக்கே வரக் கூடாது. மொத்தம் பதினெட்டாயிரத்து நானூறு.

சென்னியப்பன் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்ணா, மாட்டறதுக்கு முன்னாலயே கழட்டறதுக்குக் காசா?"

"ஆமாங்க தம்பி. இது அப்படிப்பட்ட வேலை."

"சரி விடுங்க, பதினாலுக்கு முடிச்சுக்கலாம். உங்க கணக்கு எனக்குத் தெரியாதா? ரிக்குக்கு எட்டுன்னு எழுதுவீங்க, ஆறுக்கு முடிப்பீங்க."

அவர் சொன்னது நிஜம். எங்கள் பக்கம் எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். குறைத்துக் கேட்பார்கள் என்று நாங்கள் கால் பங்கு கூட்டி எழுதுவோம். கூட்டி எழுதியிருப்பார்கள் என்று அவர்கள் கால் பங்கு குறைப்பார்கள். இருதரப்புக்கும் திருப்தி. இந்த ஒரு எஸ்டிமேட்டில்தான் நான் ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை. தெரியாத வேலையில் பொய் சொல்லப் பயம்.

'தம்பி, இது நிஜக் கணக்கு' என்று சொல்லலாம்தான். சொன்னால், பத்து வருஷமாக எழுதியது என்ன கணக்கு என்று கேட்பாரே! மூன்று ரிக் வேலை போய்விடுமே! பேசாமல் பேனாவை எடுத்து ரேடியேட்டரை அடித்தேன், பிரேக்கை அடித்தேன், கடைசி வரியை அடித்தேன். நாலாயிரத்து நானூறு போயிற்று.

"பாத்தீங்களா, வந்திருச்சில்ல" என்றார் சென்னியப்பன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவர்மேலா, என்மேலா என்று தெரியவில்லை.

வேலை முடிய மூன்று மாதம் ஆயிற்று. சோதனை ஓட்டத்துக்கு அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாமக்கல் ரோட்டில் ஊரைத் தாண்டி மிதித்தாரே பார்க்கலாம்! யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் கார் பாய்ந்தது. "அண்ணா! அண்ணா!" என்று கத்தினார், குழந்தை மாதிரி. நானும் கத்தினேன், மறுக்கவில்லை.

புதுச்சத்திரம் நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. பழைய ரேடியேட்டர் எவ்வளவுதான் தாங்கும்? தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் இன்ஜின் தட்ட ஆரம்பித்தது. "வெலகி நிறுத்துங்க தம்பி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரே ஒரு மாட்டுவண்டி திரும்பியது. அவர் பிரேக்கில் ஏறி நின்றார். பழைய பிரேக், புது வேகம். கார் மாட்டுவண்டியில் மோதாமல் விலகி மரவள்ளிக் காட்டுக்குள் போய் நின்றது.

காட்டுக்குச் சொந்தக்காரம்மா ஓடி வந்தார். உயிரோடு இருக்கிறோமா என்று ஒருதடவை பார்த்துக்கொண்டு, "ஏனய்யா, கெழங்கு புடுங்கறதுக்குக் காரா கொண்டாந்தீங்க?" என்றார்.

பானட்டைத் திறந்தேன். கேஸ்கெட் போய், ஒரு பிஸ்டனும் உருகியிருந்தது.

மறுநாள் சென்னியப்பனின் அப்பா பட்டறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஏனுங்க மேஸ்திரி, ரேடியேட்டரு, பிரேக்கெல்லாம் புதுசா வேணுமின்னு மொதல்லயே தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுமுங்க. எழுதினனுங்க. தம்பி வழக்கம்போலக் கொறைச்சாரு. ஆனா நான் அந்தத் தடவை கூட்டி எழுதலீங்க."

"அப்ப மத்த தடவை?"

கேட்டுவிட்டு அவரே காரைச் சுற்றி வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"சரி, இப்ப எவ்வளவு ஆகும்?"

"ஒன்பதாயிரத்து எரநூறுங்க. சாமானுக்கு மட்டும். என் கூலி வேண்டாமுங்க."

"ஏழுன்னு வெச்சுக்கலாம்."

"கொறைக்க எடமில்லீங்க ஐயா. இது நெசக் கணக்கு."

"அதை நான் எதை வெச்சு நம்பறது, சொல்லுங்க?"

அந்த மாதமே கார் இருந்த நிலையில் ஒரு பெங்களூர்க்காரருக்குப் போயிற்று. ரிக் மூன்றும் வேறு பட்டறைக்குப் போயின.

காரை ஏற்றிக்கொண்டு லாரி போன அன்று சென்னியப்பன் என் பட்டறை வாசலுக்கு வந்தார். "அண்ணா, இது நெசக் கணக்குன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அடுத்த கெழங்கு வெட்டு வரைக்கும் பொறுத்து, மீதியச் சேத்திட்டு வந்திருப்பனே" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் எஸ்டிமேட்டில் கூட்டி எழுதியதில்லை. குறைக்கவும் இல்லை. பாதி வாடிக்கை போயிற்று. மீதிப் பேர் இன்றுவரை குறைத்துக் கேட்கிறார்கள். இது நிஜக் கணக்கு என்று நான் இன்றுவரை கத்துகிறேன். புதிதாகப் பட்டறை போடுகிற தம்பிகளே, கூட்டி எழுதுவது பெரிய தப்பாக உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. இது உயிர்போகிற விஷயம் என்று நீங்கள் அடித்துச் சொல்ல வேண்டிய நாள் ஒன்று வரும். அன்றைக்கும் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே கால் பங்கைக் கழிப்பார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கணக்கை அவருக்குப் பழக்கியது நாம்தான்.