மீன் டின்னில் செய்ததல்ல

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அன்று யாரும் என்னைச் சொல்ல விடவில்லை.

அது, கடலில் இறங்கிக் கடலிலிருந்தே மேலெழும் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றின் மாதிரி. உண்மையான விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான நீளம். முழுவதும் பித்தளை. பாகங்கள் வெளிநாட்டிலிருந்து தபாலில் மெல்லிய தகடுகளாக வந்தன. ஒவ்வொரு பாகத்தின் உருவத்தையும் தகட்டில் ஒளியால் பதித்து, வேண்டாத இடங்களை அமிலத்தால் அரித்துவிட்டிருப்பார்கள். மிஞ்சும் பாகங்கள் நூல் கனத்துக் காம்புகளால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி, காம்பின் தழும்பை அராவி, மடித்து, பற்றவைக்க வேண்டும்.

மடிக்கும் இடத்தில் தகட்டின் பாதிக் கனம் அரிக்கப்பட்டு ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் ஒரு தடவை மடிக்கலாம். பிழைத்தால் ஒரு தடவை நிமிர்த்தலாம். அதற்கு மேல் அசைத்தால் முறிந்துவிடும். வளைவான பாகங்களை இறப்பர் செருப்பின் அடியில் வைத்து, பேனைக் குழாயால் உருட்டி வளைத்தேன். விமானியின் முன்னால் இருக்கும் கருவிப் பலகை என் சின்னிவிரல் நகமளவு. அதன் துளைகளுக்குப் பின்னால், அளவுமானிகளின் முட்களை அச்சிட்ட படச்சுருள் துண்டு ஒன்றை ஒட்டினேன். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், பாகங்கள் பறந்துவிடாதபடி ஜன்னலைப் பூட்டி, ஃபேனையும் நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க இருந்து செய்த வேலை.

"கொசுவுக்கு நகை செய்றியா?" என்று உம்மா கேட்பார்.

வர்ணம் பூசவில்லை. எங்கள் வீடு நுரைச்சோலையில், கடல்நீர்க் களப்புப் பக்கமாக இருக்கிறது. உப்புக் காற்றில் பித்தளை தானாகவே கறுக்கும். ஆனால் விரல் பட்ட இடம் திட்டுத்திட்டாகக் கறுக்கும். அதனால் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் காற்றுப் படும்படி திருப்பித் திருப்பி வைத்தேன். மாதக் கணக்கில் பொறுத்திருந்தபின் பழைய யுத்த விமானத்துக்குரிய மங்கிய தவிட்டு நிறம் வந்தது. பற்றவைப்பதைவிட எனக்குக் கடினமாக இருந்தது அந்தப் பொறுமைதான்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடக்கலை படித்தவள். கற்பிட்டியில் பைபர் படகு கட்டும் யார்ட் ஒன்றில் அச்சுகளுக்குப் படம் கீறுகிறேன். பிரதேசக் கைவினைக் கண்காட்சியில் 'தொழில்நுட்ப ஆக்கங்கள்' என்று ஒரு மேசை உண்டு என்றும், அதற்கு நடுவராக வருபவர் இயந்திரப் பட்டறையில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர் என்றும் யார்ட்டில் சொன்னார்கள். எனக்குப் பரிசு பெரிதாகப் படவில்லை. அதுவரை என் விமானத்தைப் பார்த்த எல்லோரும் "வடிவா இரிக்கி" என்றுதான் சொன்னார்கள். இடது எஞ்சின் மூடி அரைப் பாகை சரிந்திருக்கிறது என்று ஒருவராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவர் அந்த நடுவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

காலையிலேயே கொண்டுபோய் அந்த மேசையில் வைத்தேன். ஒரு பக்கத்தில் ஐஸ்கிறீம் குச்சிப் பாலம், மறுபக்கத்தில் தண்ணீர் மோட்டர். யார்ட்டுக்குப் போய்ப் பாதி நாள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பினேன். மேசையில் பாலமும் மோட்டரும் இருந்தன. நடுவில் விமானம் இல்லை.

மண்டபத்தின் மற்ற மூலையில், 'கழிவுப் பொருட்களிலிருந்து கைவினை' என்ற மேசையில் அது இருந்தது. பால்மாப் பக்கெட் உறைகளில் செய்த மயிலுக்கும் சிரட்டைக் குரங்குக்கும் நடுவில், பளபளவென்று. முன்னால் ஓர் அட்டையில் 'மீன் டின்னில் விமானம்' என்று எழுதியிருந்தது.

மீன் டின்னைத் திறந்து கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் உட்பக்கம் பொன்மஞ்சளாக மினுங்கும். என் விமானம் இப்போது அதே நிறம்.

மேசைக்குப் பின்னால், மாதர் சங்கத்து அக்கா ஒருவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார். கடற்கரைக் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவுக்குப் பித்தளை மெழுகுதிரிக் கால்கள் எல்லாவற்றையும் மினுக்குவது அவர்தான். அதனால் இங்கேயும் பிரதம அதிதி ஏற்றும் குத்துவிளக்கை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

"பிள்ளையிட சாமானா இது? அப்பிடியே கறள் புடிச்சுக் கிடந்திச்சு. அதிதி வாற நேரம் வெக்கமெல்லோ. விளக்கோட சேர்த்து இதையும் புளி போட்டுத் தேச்சுட்டன். இப்ப பாருங்க, முகம் தெரியுது!"

"அக்கா, அது கறள் இல்லை. நான் வேணுமெண்டு எடுத்த நிறம்."

"வேணுமெண்டு அழுக்காக்குவாங்களா? போங்க பிள்ளை, பகிடி விடாம."

அவருடைய முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். முதலாவது, வால் பக்கத்து அன்டெனாக் கம்பிகள் இல்லை. இரண்டாவது, வலது காற்றாடியில் ஓர் அலகு முறிந்திருந்தது. மூன்றாவது, இறக்கையைத் தாங்கும் கம்பிகளில் பின்னால் இருந்தது வளைந்திருந்தது. நான்காவது, புளித்தண்ணீர் உள்ளே போய்க் கருவிப் பலகையின் படச்சுருள் சுருண்டிருந்தது. ஐந்தாவதுதான் நிறம்.

அக்கா மீது கோபம் வந்தது. ஆனால் அது கொஞ்ச நேரம்தான். பித்தளை மங்கினால் தேய்க்க வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம். தேய்த்ததை எடுத்து அட்டை எழுதி இடம் மாற்றியவர் வேறு ஆள். கண்காட்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். அவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரிடம் போனேன்.

"மிஸ், என்ட விமானத்தை மேசை மாத்தியிருக்கீங்க."

"ஓ, மீன் டின் விமானமா? சூப்பர் மகள்! அந்த மேசைக்கு அதுதான் எடுப்பா இரிக்கி."

"அது மீன் டின் இல்லை மிஸ், பித்தளைத் தகடு. தொழில்நுட்ப மேசைக்குத்தான் குடுத்த."

மிஸ் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எந்தப் பக்கம் நீங்க? கேம்ப் பக்கமா?"

உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு புலிகளால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, அகதி முகாமுக்கு வந்தவர்கள். நான் இங்கே ஓலைக் குடிசையில் பிறந்தவள். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் நாங்கள் கேம்ப் பக்கம்தான்.

"ஓம்."

"அதுதானே! உங்கட ஆக்களுக்கு அந்த என்.ஜீ.ஓ. காரங்க டின்னுல, பக்கெட்டுல எல்லாம் செய்யப் பழக்கிக் குடுத்தாங்க தானே. நல்ல விஷயம். வெக்கப்படத் தேவல்லை."

"நான் வெக்கப்படல்ல மிஸ். டின்னுல செய்யல்ல எண்டு சொல்றன்."

"சரி, இது பறக்குமா?"

"இல்லை."

"அப்ப தொழில்நுட்பம் எப்பிடி? அந்த மேசையில எல்லாம் வேலை செய்யோணும்."

"அந்தப் பாலத்துல ஆள் நடக்கேலுமா?"

மிஸ்ஸுக்குப் பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். மிஸ் சிரிக்கவில்லை. "பொம்புளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் கூடாது. பேர் எல்லாம் பதிஞ்சாச்சு. இனி மாத்த ஏலா" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அதிதியின் வாகனம் வந்துவிட்டது.

நடுவர் அப்போது தண்ணீர் மோட்டருக்கு முன்னால் குனிந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூடியின் திருகாணியை நகத்தால் தட்டிப் பார்த்தார். எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தட்டல்தான். கிட்டப் போய், "சேர், அந்த மேசையில ஒரு விமானம் இரிக்கி. உங்கட பிரிவுக்குத்தான் குடுத்த. ஒருக்காப் பாருங்களேன்" என்றேன்.

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மயில், குரங்கு, நடுவில் ஏதோ மினுங்கல். "அது என்ட மேசை இல்லையே மகள்" என்று அன்பாகச் சொன்னார். பிறகு பாலத்துக்கு நகர்ந்தார்.

மண்டபத்தை ஒருமுறை குறுக்கே கடந்திருந்தால் போதும். என்னை யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. எல்லோரும் மகள், பிள்ளை என்றுதான் பேசினார்கள். அத்தனை அன்புக்குள்ளும் நான் செய்தது என்னவென்று உற்றுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பின்னேரம் முடிவுகளை அறிவித்தார்கள். கழிவுப் பொருட்களிலிருந்து கைவினை: முதலாமிடம், மீன் டின்னில் விமானம். கைதட்டினார்கள். நான் மேடைக்கு ஏறினேன். அதிதி சான்றிதழை நீட்டினார். நான் கைகளை முன்னால் கட்டிக்கொண்டேன்.

"மன்னிக்கோணும் சேர். இது கழிவுல செஞ்சதில்லை. காசு குடுத்து வாங்கின புதுத் தகடு. இந்தப் பரிசு எனக்கு வராது. ரெண்டாமிடம் வந்தவங்களுக்குக் குடுங்க."

பின்வரிசையில் ஒரு குரல்: "அடி, மீன் டின்னும் புதுசாத்தான் வாங்குற!" எல்லோரும் சிரித்தார்கள். அதிதியும் சிரித்தார். நான் சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். இறங்கவில்லை. கடைசியில் மிஸ் வந்து அதிதியின் காதில் ஏதோ சொன்னார். மயில் செய்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவள் உண்மையாகவே பால்மாப் பக்கெட்டை மயிர் மயிராக வெட்டித்தான் தோகை செய்திருந்தாள். ஓடிவந்து வாங்கினாள். அன்று அந்த மேடையில் சரியான ஆளுக்குப் போன பரிசு அது ஒன்றுதான்.

இறங்கி வரும்போது மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "கிடைச்சதை வாங்கிட்டுப் போறதுக்கு என்ன? எங்கட முகத்துல கரி பூசத்தானே வந்தீங்க" என்றார். நான் விமானத்தைப் பெட்டியில் வைத்து, முறிந்த அலகைக் குத்துவிளக்குக் கழுவிய இடத்தில் தேடி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறினேன்.

அடுத்த வருடம் கண்காட்சிக்கு முன்பு மிஸ்ஸே தொலைபேசியில் அழைத்தார். குரலில் பழைய கோபம் இல்லை.

"மகள், உங்களுக்காகவே புதுசா ஒரு மேசை போடுறோம். 'பெண்களின் தொழில்நுட்ப ஆக்கங்கள்'. சந்தோஷம் தானே?"

"யாரு மிஸ் நடுவர்?"

"மாதர் சங்கத் தலைவிதான்."

"அந்தப் பட்டறைச் சேர்?"

"அவர் மத்த மேசைக்கு. அது வழமையான தொழில்நுட்ப மேசை."

"அப்ப நான் வழமையான மேசைக்கே தாறன் மிஸ். விமானத்துல எங்க பிழை எண்டு அவர்தான் சொல்லோணும்."

"உங்களுக்கு எதைக் குடுத்தாலும் பத்தாது" என்றார் மிஸ்.

"நீங்க இன்னும் ஒண்டும் குடுக்கல்லையே மிஸ்" என்றேன்.

மறுபக்கத்தில் தொலைபேசியை வைத்துவிட்டார்.