ராசியில்லாத கை

தையல்காரம்மாவின் கத்தரிக்கோல் துணியில் இறங்கினால் தயங்காது. கடைக்காரனே விலை சொல்லக் கூச்சப்படுகிற துணியாக இருக்கட்டும், சாக்குக்கட்டியால் ஒரு கோடு, அடுத்த நிமிஷம் அது இரண்டு துண்டு. அப்பேர்ப்பட்டவள், ஒரு நாள் காலையில் வாசலில் ரோஜாத் தொட்டியைப் பார்த்ததும் வேண்டாத விருந்தாளியைப் பார்த்தவள் மாதிரி கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள்.

மாடியில் குடியிருந்த நர்ஸ் வீடு காலி செய்துகொண்டிருந்தாள். "லாரியில ஏத்தினா ஒடிஞ்சிடும்க்கா. நீங்களே வச்சுக்கோங்க."

"வேண்டாம்மா. என் கைக்கு ரோஜா ஆகாது."

"கையில என்னக்கா இருக்கு? வெயிலும் தண்ணியும் போதும். மழை நின்னதும் குச்சியை வெட்டிவிடுங்க. வெட்டலைன்னா நுனியிலேருந்து கருத்துக்கிட்டே இறங்கும். அடி வரைக்கும் வந்துட்டா செடி அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அவள் லாரியில் ஏறிவிட்டாள். வெட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே தையல்காரம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

காரணம் பழையது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பின்கட்டில் குழாயடியில் மாமியாரின் ரோஜாச் செடி ஒன்று இருந்தது. அது கோணல்மாணலாய் வளர்ந்து நின்றதைத் தையல்காரியின் கண் பொறுக்கவில்லை. ஒருத்தரையும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்துக் கச்சிதமாக வெட்டிவிட்டாள். பாராட்டு வரும் என்று வேறு காத்திருந்தாள். ஒரு வாரத்துக்குள் இருந்த இலையெல்லாம் கருகி, செடி விறகாய் நின்றது.

"என் செடிக்குக் கொள்ளி வச்சுட்டா," என்றார் மாமியார். "ராசியில்லாத கை."

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற வாய் அது இல்லை. பால் திரிந்தால் அவள் கை. கொழுந்தன் பரீட்சையில் கோட்டை விட்டால், காலையில் டீ கொடுத்தது யார் என்று கேள்வி. எல்லாவற்றையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவள்தான் தையல்காரம்மா. ஆனால் முதல் கர்ப்பம் கலைந்தபோது மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலருகே நின்று அவள் கைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அதுவரை அது மாமியாரின் பேச்சு. அன்றிலிருந்து அது அவளுடைய நம்பிக்கை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரார் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் அவள் தைத்த கல்யாண உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். பயத்துக்கு அதெல்லாம் கண்ணில் படுமா? பிறகு பிறந்து, பொத்திப் பொத்தி வளர்த்த ஒரே மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, துணியை மேசையில் விரித்து, கோடு போட்டு, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள் அப்படியே மடித்து வைத்துவிட்டாள். வேறொரு தையல்காரரிடம் கொடுத்தாள். அந்த மனுஷன் வலது தோளில் சுருக்கம் விழத் தைத்து அனுப்பினான். கல்யாணம் முழுக்க அந்தச் சுருக்கத்தைத் தவிர அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

"ஊருக்கெல்லாம் தைக்க நேரமிருக்கு, பெத்த பொண்ணுக்கு மட்டும் இல்ல," என்றாள் மகள். காரணத்தை வாயால் சொன்னால் அதுவே பலித்துவிடும் என்று தாய் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மகளின் போன் அப்பாவுக்குத்தான் வரும். அம்மாவிடம் கடைசியில் இரண்டு வார்த்தை.

தொட்டி குழாயடிக்கு வந்தது. இலையில் விரல்கூடப் படாமல் எட்ட நின்று தண்ணீர் ஊற்றினாள். மழைக்காலம் முடிந்தது. நர்ஸ் சொன்ன மாதிரியே நுனி கருத்தது. துணி காயப்போட வரும்போதெல்லாம் கறுப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்த்துவிட்டுச் சோறு இறங்கவும் இல்லை.

ஒரு மத்தியானம், தைக்க வந்த துணிகளைத் தள்ளிவைத்துவிட்டுத் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தாள். "வெட்டினாலும் சாவே, வெட்டாட்டியும் சாவே. என் கையாலயே போனதா இருக்கட்டுமே," என்று செடியிடம் சொன்னாள். கை வெடவெடவென்று ஆடியது. முதல் வெட்டில் குச்சியின் உள்ளே பழுப்பு. கொஞ்சம் கீழே வெட்டினாள், இன்னும் பழுப்பு. இன்னும் கீழே வெட்டியபோதுதான் வெள்ளை தெரிந்தது. ஒவ்வொரு குச்சியையும் அப்படியே வெள்ளை காணும்வரை வெட்டினாள். முடித்தபோது தொட்டியில் நாலு கட்டைகள்தான் மிச்சம். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பிறகு பல நாள் தொட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் தற்செயலாகக் கண் பட்டபோது கட்டையில் அரிசி முனையளவு சிவப்பு. அது இலையாகி, கொப்பாகி, மொட்டு விட்டு, ஒரு பூவாயிற்று. சாதாரண இளஞ்சிவப்புப் பூதான். அவள் அதன் முன்னால் நின்று, அசடு மாதிரி தனியாகச் சிரித்தாள். மகளின் குழந்தைக்கு ஒரு கவுன் வெட்டலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். அவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. வந்ததும் பிரஷ்களை ஒரு டப்பாவில் தின்னர் ஊற்றிக் கழுவுவார். அந்த டப்பாவோடு குழாயடிக்கு வந்தவரைப் பார்த்து அவள் ஓடிவந்து தொட்டியை மறைத்து நின்றாள்.

"பயப்படாதே, இதுல ஊத்த மாட்டேன்," என்று அவர் சிரித்தார். "ஒரு தடவை ஊத்தி அம்மா செடி கருகினது போதாதா."

சொன்ன பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கே தெரிந்தது.

"எந்தச் செடி?" என்றாள் அவள்.

"அதான், அந்தக் காலத்துல... இருட்டுல மண்ணுன்னு நெனச்சு ஊத்திட்டேன்."

"நான் வெட்டின செடியிலயா?"

அவர் பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டுக் கலக்கினார். "அம்மாவைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. உண்மையைச் சொன்னா என்னைப் பிச்சு எடுத்திருப்பா. நீ புதுசு, ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுடுவான்னு பாத்தேன். அப்புறம் மறந்தே போச்சு."

"மறந்து போச்சா? புள்ள கலைஞ்சு படுத்திருந்தப்ப அவங்க என் கையைப் பாத்தாங்களே. நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க."

அவர் டப்பாவைப் பார்த்தார். அவரை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. திட்டினால் இரண்டு நாளில் அதையும் மறந்துவிடுவார். உள்ளே போய்ப் போனை எடுத்து, மகளின் நம்பரைப் போட்டு, அவர் கையில் திணித்தாள்.

"சொல்லுங்க."

"என்னத்தை?"

"அவ கல்யாண உடுப்பை நான் ஏன் தைக்கலைன்னு சொல்லுங்க. என்கிட்ட சொன்னதை அப்படியே அவகிட்டயும் சொல்லுங்க."

மறுமுனையில் மகளின் குரல் கேட்டது. "அப்பா? சொல்லுங்கப்பா."

அவர் திருதிருவென்று விழித்தார். மனைவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

மகள் ஏதோ சொன்னாள். அவர் குழந்தையின் சளியைப் பற்றிக் கேட்டபடி மெல்ல முன்னறைப் பக்கம் நகர்ந்தார். "அம்மாவா, அவ துணி எடுத்துட்டு இருக்கா," என்று சொன்னது காதில் விழுந்தது.

தையல்காரம்மா தொட்டி முன்னால் குந்தினாள். ஒரு கொப்பின் நுனி கருக்கத் தொடங்கியிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து, வெள்ளை தெரியும்வரை வெட்டினாள். கை ஆடவேயில்லை. பயம் சுத்தமாகப் போயிருந்தது, மகளின் கல்யாணம் முடிந்து இத்தனை காலத்துக்குப் பிறகு.