சாவி கொடுத்த காம்பரா

தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் கொண்ட எங்கள் லயத்தின் முன்னால் இப்போது ஒரு பலகை நிற்கிறது: 'தோட்ட வாழ்க்கையை அனுபவியுங்கள்.' அம்மா நாற்பது வருஷம் அனுபவித்தாள். ஒழுகும் தகரத்துக்குக் கீழே சட்டி வைத்துவிட்டுப் படுத்தாள். அப்போது எவனும் கேமராவோடு வரவில்லை.

நுவரெலியா டவுன் எங்கள் பக்கமாக ஏறிக்கொண்டே வந்தது. லயத்துக்குக் கீழே கண்ணாடி போட்ட காப்பிக்கடை திறந்தபோதே நான் விழித்திருக்க வேண்டும். மற்றவர்கள் புது வீட்டுத் திட்டத்துக்குப் போய்விட, அம்மா மட்டும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் மிஞ்சினாள். ஒருநாள் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து, "கூரை மாத்தணும் ஆயி. மூணு மாசம் தங்கச்சி வீட்ல இருங்க, பெறகு வந்துக்கலாம்" என்றார்.

காம்பராவை ஒரேயடியாக விட்டுப் போகிறவர்கள் தரையை மெழுகி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் தோட்டத்து வழக்கம். அம்மா திரும்பி வரப் போகிறவள். ஆனாலும் கூரை வேலைக்கு வருகிறவர்கள் அழுக்கைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று சாணி கரைத்து மெழுகினாள். சாவியையும் கொடுத்தாள். பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிய மடையன் நான்தான்.

மூன்று மாதம் கழித்துக் கேட்டதற்கு, "நீங்களே மெழுகிச் சாவி குடுத்துட்டுப் போயிட்டீங்களே, விட்டுட்டதாத்தான் எழுதியிருக்கு" என்றார் அதே கண்டாக்கு ஐயா. அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

இப்போது லயம் முழுக்க ஹோட்டல்; போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதன் மேனேஜரிடம் போனேன். எங்கள் காம்பராவுக்குள்ளேயே பெருமையாக அழைத்துக் காட்டினார். அடுப்பு இருந்த மூலையில் வெள்ளை வெளேரென்று கக்கூஸ். லயத்துக்கு ஒரு கக்கூஸ் கேட்டு எத்தனை மனு எழுதியிருப்போம்! இப்போது அங்கே வாசனைத் தண்ணீர் நெடி அடித்தது.

மேனேஜர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "சனி, ஞாயிறுல கொழுந்துக் கூடையோட வாசல்ல வந்து நிக்கிறீங்களாம்மா? கெஸ்ட் போட்டோ எடுப்பாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்:

"நிக்கிறேன் ஐயா. ராவுல உள்ள படுத்துக்கலாமா?"

அவர் சிரித்தார். அம்மா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.