ஆடியில் வரச் சொன்னவன்

எண்பதுகளின் நடுவில், நான் புவியியல் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களில், ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. எழுதியவன் என் கல்லூரி நண்பன். சென்னையில் நான்காண்டுகள் ஒரே விடுதி அறையில் இருந்தோம். பட்டம் பெற்றபின் நான் மலாயாவின் ஈப்போவுக்குத் திரும்பினேன். திருநெல்வேலிக்காரனான அவன் பல ஊர் சுற்றி அங்கே கணித ஆசிரியனாக அமர்ந்திருந்தான்.

ஒகவாங்கோ என்னும் ஆறு அங்கே கடலைச் சேராமல் பாலை மணலில் விரிந்து சதுப்பாகிறதாம். ஆண்டில் சில மாதங்களே அங்கு நீர் நிறைந்திருக்கும். ஒற்றை மரத்தைக் குடைந்த படகில் இருவர் அமர, பின்னால் ஒருவர் நின்று கழியூன்றிச் செலுத்துவார். நாணலுக்கிடையே போனால் யானைகள் நீரைக் கடப்பதை அருகிலிருந்து காணலாம். இரவில் தீவுகளில் கூடாரம். இவ்வளவையும் விரிவாக எழுதிவிட்டு, ஜூலை கடைசி வாரத்தில் வரும்படி முடித்திருந்தான்.

நான் எதையும் ஒழுங்காகச் செய்பவன். ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் இதற்கென ஒரு கோப்பு திறந்தேன். பம்பாய், நைரோபி, ஹராரே என்று பாதை வகுத்தேன். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு எங்கள் கடவுச்சீட்டு செல்லாது என்பதால் அந்நாட்டைத் தொடாத பாதையாக அது இருந்தாக வேண்டும். மனைவியும் நானும் போவதென முடிவானதும், ஈப்போ நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அண்டை வீட்டுக்காரர் தாமும் வருவதாகச் சொன்னார். செட்டிநாட்டுக் குடும்பத்தவர், நாள் பார்க்காமல் கடையின் ஓர் அலமாரியைக்கூட நகர்த்த மாட்டார். கடிதத்தை வாசித்துக் காட்டியபோது மாதத்தைக் கேட்டதும் விரலை மடக்கினார்.

"ஜூலை கடைசின்னா ஆடி மாசம்லா சார். நம்ம ஆளு எவனாச்சும் ஆடியில விருந்துக்குக் கூப்பிடுவானா? வராதேங்கறத மரியாதையாச் சொல்றாரு உங்க கூட்டாளி."

படித்தவனாகிய நான் அதைப் பொருட்படுத்தியிருக்கக் கூடாது. அவர் போனபின் அட்லஸை எடுத்தேன். நண்பன் இருக்கும் பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை. ஜூலைக்கு நேராக அநேகமாக ஒன்றுமே இல்லை. மழையே இல்லாத மாதத்தில் படகுப் பயணத்துக்கு அழைக்கிறான்.

அதன்பின் அவனுடைய கடிதத்தில் ஒவ்வொரு வரியும் வேறு விதமாகத் தெரிந்தது. உள்ளே கம்பிச் சட்டமில்லாத துணிப் பையில் மட்டும் சாமான் கொண்டுவரச் சொல்லியிருந்தான். எங்களைச் சுமை தூக்க வைக்கப் போகிறானா? பளிச்சென்ற நிறத்தில் உடை கூடாது என்றிருந்தான், ஏன்? எத்தனை நாள் தங்குவோம் என்று இரண்டு இடத்தில் கேட்டிருந்தான். ஒருமுறை கேட்பது உபசாரம். இரண்டாம் முறை கேட்பதற்கு என்ன பெயர்?

நகரில் இருந்த பயண முகவர் அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்த அம்மையார் தம் கையேட்டைப் புரட்டி, அந்தச் சதுப்புக்குப் போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில்தான் போகிறார்கள் என்றார். மழை பெய்யும் டிசம்பரே சரி என்று நான் அழுத்திச் சொன்னதும் புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை. வறண்ட மணலை விற்பதற்கு ஒரு கூட்டமே இயங்குகிறது என்றும், என் நண்பனும் அதில் ஒருவன் என்றும் முடிவு செய்தேன்.

அன்றே அவனுக்கு எழுதினேன். என்னை வரவேற்க விருப்பமில்லையென்றால் நேராகச் சொல்லலாம் என்றும், புவியியல் கற்பித்தவனை மழையில்லாக் காலத்தில் படகேற்றிக் கேலிப்பொருளாக்க வேண்டாம் என்றும், மனைவியோடும் அண்டை வீட்டாரோடும் வர எனக்கு டிசம்பர்தான் வசதி என்றும் எழுதினேன். 'தரகு' என்ற சொல்லையும் பயன்படுத்தினேன். அதற்கு அடிக்கோடும் இட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கடிதம் போய் நான்காம் நாள், காக்கித் துணி எப்போது எடுக்க வேண்டும் என்று மனைவி கேட்டாள். அவசரமில்லை, டிசம்பரில்தான் பயணம், ஜூலையில் அங்கே மழை இல்லை என்றேன். அவள் குளித்தலையில், காவிரிக் கரையில் பிறந்தவள். திருமணத்துக்குப் பின்னரே மலாயா வந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, எங்க ஊர்ல ஆடிப் பதினெட்டுக்கு மழையா பெய்யும்? வெயிலு கொளுத்தும். ஆத்துல மட்டும் கரை முட்டத் தண்ணி வரும். மழை மேக்க எங்கயோ பெஞ்சிருக்கும். அந்த ஆறு எங்கேருந்து வருதுன்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.

ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணியின் மகனாக வளர்ந்தவன் நான். காலையில் மழையென்றால் அன்று பாலுக்காக மரப்பட்டை வெட்டுவது இல்லை; மாலைக்குள் கால்வாய் நிறைந்துவிடும். எங்கள் வானமும் எங்கள் நீரும் ஒரே இடத்தில் இருந்தன. அட்லஸில் ஒகவாங்கோவை விரலால் பின்தொடர்ந்தேன். அது அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பிறந்தது. அங்கே பெய்த மழை தட்டையான மணலில் மாதக்கணக்கில் ஊர்ந்து, வானம் வெளுத்த ஜூலையில் வந்து சேர்கிறது. நண்பன் சொன்னதில் பிழையே இல்லை.

என் கடிதம் அவனை அடையுமுன் தந்தி அடைய வேண்டும். மறுநாள் காலை தபால் நிலையத்தில் படிவத்தை எழுதினேன்: ஜூலைக்குச் சம்மதம், என் கடிதத்தைத் தள்ளிவிடு, மன்னிக்கவும். நீட்டும்போதுதான் முகப்பு மேசையில் இருந்தவர் என் பழைய மாணவர் என்று கண்டேன். சொல் சொல்லாக வாசிக்கப் போகிறார். படிவத்தை இழுத்துக் கடைசிச் சொல்லை அடித்துவிட்டுக் கொடுத்தேன்.

"சார், இங்க ஒரு சொல்லு அடிச்ச மாதிரி இருக்கு. போடணுமா, வேணாமா?"

"வேண்டாம்," என்றேன். அவர் அந்த இடத்தையே சற்று நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கடிதமும் தந்தியும் கிடைத்தனவாம். ஒரே படகுக்குச் சொல்லிவைத்திருக்கிறானாம், என் மனைவிக்கும் அண்டை வீட்டாருக்கும். "உனக்கு டிசம்பர்தான் வசதி என்று எழுதியிருந்தாய்" என்று முடித்திருந்தான். அதைப் பலமுறை படித்தேன். விளையாட்டா, தண்டனையா? விடுதி அறையில் அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு விளங்கிவிடும். தாளில் விளங்கவில்லை.

தந்தியில் அடித்துவிட்ட சொல்லை முதல் வரியாக வைத்து எழுதினேன். அண்டை வீட்டார் விரல் மடக்கியதைப் பற்றி எழுதவில்லை. பழியைப் பகிர்ந்துகொள்ள அது வழியாகிவிடும். இரண்டாம் படகு வேண்டும் என்றும் கேட்கவில்லை. நான் சந்தேகப்பட்டேன், அது தவறு என்று மட்டும் எழுதி, உறையின் மேல் என் பெயரைத் தெளிவாகப் போட்டு, அதே முகப்பில் கொடுத்தேன்.

அதற்கு அவன் பதில் எழுதவில்லை. பதில் இல்லாமலேயே நாங்கள் மூவரும் புறப்பட்டோம். அண்டை வீட்டார் ஆடி பிறப்பதற்கு முந்திய நாளே ஒரு பையைத் தம் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அனுப்பி, பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டார்.

துறையில் இரண்டு படகுகள் நின்றன. ஒன்றில் நண்பன் முன்பக்கம் அமர்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஓர் இடம் காலியாக இருந்தது; அதில் அமர்ந்தேன். கரையில் மழையின் சுவடே இல்லை, புழுதி பறந்தது. நாணலுக்குள் சென்றபின், இந்தப் படகு முதலிலேயே சொல்லிவைத்ததா, என் இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு சொன்னதா என்று கேட்டேன். அவன் திரும்பாமலே கையை உயர்த்தினான்.

"பேசாதடா. அங்கன நீர்யானை கெடக்கு."

நான் வெகுநேரம் பார்த்தேன். எந்த நீர்யானையும் தெரியவில்லை, நீர் அசையவில்லை.