தட்டின் ஓரத்தில் சோறு

இந்த ஊரில் ரொட்டி சுட்டால், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கிறார்கள். வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை. சிலோனில், தேயிலைத் தோட்டத்தில், ரொட்டி என்பது உடம்பு நன்றாக இருக்கிறவர்களின் சாப்பாடு. மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, கல்லில் தடிமனாகத் தட்டிச் சுட்டு, சம்பல் வைத்துத் தின்றுவிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலை ஏறுவோம். விருத்தாசலத்தில் அது சர்க்கரை வியாதிக்காரர்களின் பத்தியம். அடுத்த வீட்டுப் பிலோமினா வாசனை பிடித்துக்கொண்டு சுவரோரம் வந்து நிற்பாள்.

"யாருக்குக்கா சுகரு? அண்ணனுக்கா, ஒங்களுக்கா?"

"யாருக்குமில்ல. திங்கணும்போல இருந்திச்சு."

"அப்ப சோறு ஆக்கலியா?"

ஆக்கவில்லை என்று சொன்னால், அரிசி இல்லை என்று நினைத்து ஒரு சொம்பு அரிசியைக் கொண்டுவந்து நீட்டுவாள். நல்ல மனசுதான். ஆனால் எனக்குக் கையேந்திப் பழக்கமில்லை. அதனால் ரொட்டி சுடுகிற நாளில் கதவைச் சாத்திக்கொள்வேன்.

பிறகு நிஜமாகவே சர்க்கரை வந்தது, என் வீட்டுக்காரருக்கு. அவருக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. ஒருநாள் சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கிய உடைசலின் மேல் ரப்பர் செருப்போடு நின்றிருக்கிறார். செருப்பு கருகி நாற்றம் வந்த பிறகு, கூட இருந்தவர்கள்தான் பிடித்து இழுத்தார்கள். இவருக்குச் சுடவே இல்லை. அந்தப் புண்ணில் பெருவிரல் போயிற்று. சூளையிலிருந்து மாற்றி, கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத்தான் உட்கார வைத்துப் பேசினாள். "வெரலோட நிக்கணும்னா சோத்தக் கொறைக்கணும்மா. பாதித் தட்டு காய், கீரை வைங்க. பருப்போ முட்டையோ கொஞ்சம். சோறுன்னா ஒரு கைப்பிடி, ஓரமா. சோத்துக்குப் பதிலா ஒருநாள் கேவுரு, ஒருநாள் கம்பு, ஒருநாள் கோதும ரொட்டி, ஏதாவது ஒண்ணு. இவ்ளோதான்."

"அப்ப நடுவுல என்னம்மா வைக்கிறது?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தட்டின் நடுவில் இருப்பதுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் அதை உள்ளே தள்ளுவதற்கு என்றுதான் எனக்குத் தெரியும். அங்கே ரொட்டி நடுவில் இருந்தது, இங்கே சோறு. இரண்டும் இல்லாத நடுவை நான் பார்த்ததில்லை.

சிலோன் மலையில் இன்னும் இருக்கிற உங்களில் வயதானவர்களுக்கு அரிசி கிடைக்காத அந்தக் காலம் நினைவிருக்கும். ரேஷன் கூப்பனுக்குக் கோதுமை மா தருவார்கள், அதுவும் சில வாரம் வராது. மரவள்ளியை அவித்துத் தின்றோம், பிறகு அதன் இலையையும். எங்கள் செல்வி அப்போது சின்னப் பிள்ளை, மூன்று வயது. காய்ச்சலில் கிடந்தவள் சோறு வேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்து ஊட்டினால் துப்பினாள். இவர் கடைவீதி வரை இறங்கிப் போய், வெறும் பையோடு திரும்பி வந்தார். வந்தபோது பிள்ளை இல்லை. கொழுந்து மலைக்குக் கீழே, ஓடைப் பக்கம் புதைத்தோம். அந்த வாரமே இந்தியாவுக்குப் போக இவர் பெயர் கொடுத்துவிட்டார். அங்கே சோறு இருக்காம் என்றார்.

மகன் ரவியை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலில் வந்து இறங்கி, இவருடைய தாத்தாவின் ஊரைத் தேடி நல்லூர்ப் பக்கம் போனோம். சொந்தக்காரர்கள் எங்களை வேற்று மனிதர்களாகத்தான் பார்த்தார்கள். இருந்தாலும் இலை போட்டுச் சோறு போட்டார்கள். இவர் கை வைக்காமல் அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாப்பா, கொழம்பு ஊத்தலன்னு பாக்குறியா?" என்று ஒரு கிழவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்துவிட்டுத் தின்றார். பிறகு விருத்தாசலத்தில் வேலை கிடைத்தது. அதன் பிறகு ஒருநாளும் இவர் ரொட்டியைத் தொட்டதில்லை. நான் எனக்கு மட்டும் சுட்டுக்கொள்வேன்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் சோற்றை ஓரத்தில் வைக்க வேண்டியிருந்தது. கேழ்வரகுக் களியைக் கட்டி விழாமல் கிண்டப் பிலோமினா சொல்லிக்கொடுத்தாள். கீரைக் குழம்பில் தொட்டு விழுங்க வழுவழுவென்று நன்றாகத்தான் இருந்தது. இவர் உருண்டையை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இது யாருக்கு? மாட்டுக்கா?"

"மாடா இருந்தா பேசாம தின்னிருக்கும்."

அன்றைக்குச் சிரித்துக்கொண்டே தின்றார். சர்க்கரைவள்ளியை ஒரு துண்டு அவித்து வைத்தேன். அதைத் தின்று முடித்து, தண்ணீர் குடித்து, "சரி, சோத்தப் போடு" என்றார். கிழங்குதான் இன்றைக்குச் சோறு என்று சொன்னபோது கோபப்படவில்லை. தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். கம்பும் அப்படித்தான். திட்டக்குடி பஸ்ஸில் வந்த மக்காச்சோளமும் அப்படித்தான். போகப் போகத் தள்ளி வைப்பதை நிறுத்தினார், வைத்ததைத் தின்றார். திருந்திவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் புண் ஆறவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா ரத்தம் பார்த்த சீட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

பிலோமினாதான் சொன்னாள். அவளுடைய தம்பி கம்பெனிப் பக்கம் மெஸ் வைத்திருக்கிறான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அண்ணன் டெய்லி மெஸ்ஸுல வந்து சாப்புடுறாரு. ரெண்டாவது வாட்டியும் சோறு கேட்டு வாங்குறாராம். வூட்டுல ஏதாச்சும் சண்டையா?"

என் சமையல் இருக்கும்போது என் வீட்டு ஆள் வெளியில் போய்ச் சோறு கேட்கிறார் என்பதை அடுத்த வீட்டுக்காரி வாயால் கேட்டேன். சண்டை ஒன்றும் இல்லை என்று சொல்லி வந்துவிட்டேன். அவர் வந்ததும் நேராகக் கேட்டேன்.

"காலு வேணுமா, சோறு வேணுமா ஒங்களுக்கு?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "ரொட்டியும் கெழங்கும் திங்கவா கப்பல் ஏறுனேன்?" என்றார். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்தார். பிறகு, "அந்தப் புள்ள கேட்டுக் கெடைக்காத சோத்த, கைக்கு முன்னாடி வச்சிக்கிட்டு நான் வேணாங்கணுமா? எனக்கு முடியல தாயி. நீ வேற என்னா சொன்னாலும் கேக்குறேன்" என்றார்.

மறுநாளும் ஓரத்தில் ஒரு கைப்பிடிதான் வைத்தேன். அவரும் மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்தவில்லை. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் நின்றோம், நடுவில் அந்தக் கால் இருந்தது.

கப்பலில் வந்து எங்கெங்கோ இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பட்டினி பார்த்த குடும்பத்தில் சோற்றைக் குறை என்று சொல்வது லேசான காரியமில்லை. ஆனாலும் சொல்லுங்கள். களியோ, கம்போ, அவித்த கிழங்கோ, சோற்றுக்குப் பதிலாக வையுங்கள், சோற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். கீரையும் காயும் கணக்குப் பார்க்காமல் போடுங்கள். முக்கியமாக, வியாதி வருவதற்கு முன்னாலேயே பழக்குங்கள். வியாதி வந்த பிறகு வைத்தால் அது தண்டனை மாதிரி ஆகிவிடுகிறது. நான் இப்போது அப்படித்தான் தின்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் பலிக்கவில்லை.

போன மாசம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த காலைத் துணியில் சுற்றி, புதைப்பதற்கு ரவியிடம் கொடுத்தார்கள். அவன் மணிமுத்தாற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனான். குழி வெட்டுகிறவர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "கொழந்தயா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் கால் என்று இவன் சொல்ல, "எந்த ஊருப்பா ஒங்களுக்கு?" என்றிருக்கிறார். "இந்த ஊருதான்" என்று சொன்னானாம். யார் கேட்டாலும் 'சிலோன்' என்று முதலில் சொல்லிப் பழகிய பிள்ளை அவன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவர் இப்போது எதை வைத்தாலும் தின்கிறார். ரொட்டி வைத்தேன், அதையும் தின்றார். என்ன என்று பார்க்கவே இல்லை. நான் இதற்காகத்தான் இத்தனை நாள் போராடினேன். ஆனால் அவர் மெல்லுவதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் வாய் துடைத்துவிட்டபோது ரவியைக் கூப்பிட்டார்.

"எந்தப் பக்கம் பாத்து வச்ச?"

"எதப்பா?"

"காலத்தான்."

"வழக்கம்போல வடக்காலதாம்பா. வெட்டியான்தான் வச்சாரு."

அவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள கெடக்குற தெக்கால பாத்து வச்சிருக்கலாம்" என்றார்.