பேரம் பேசாதவளின் வேன்

அக்காவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வேன் ஒர்க் ஷாப்புக்குப் போன மறுநாள் காலையிலும் வழக்கம்போல எழுந்து, தலையை இறுக்கக் கட்டிக்கொண்டு சாவியைத் தேடினாள். சாவி மெக்கானிக்கிடம் இருப்பது நினைவுக்கு வந்ததும், சமையலறை அலமாரியை மொத்தமாகக் காலி செய்து துடைக்க ஆரம்பித்தாள். பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பேரும் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டோம்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, மையத்தில் இறக்கி, முடிந்ததும் திரும்பக் கொண்டுவிடுவதுதான் அக்காவின் தொழில். மற்றவர்களின் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய வேன். ஏறுவதற்கு ஒரு சின்ன ஸ்டூல் வைத்திருப்பாள். போகும்போது ரேடியோ உண்டு. திரும்பும்போது கிடையாது, அப்போது அவர்கள் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பார்கள் என்பாள். கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். யாராவது குறைக்கச் சொன்னால் கோபப்படமாட்டாள். "அப்ப வேற வண்டி பாத்துக்குங்க" என்று சிரித்த முகமாகவே சொல்லிவிடுவாள்.

வேன் கெட்டுப்போன அன்று, மையத்திலிருந்து திரும்பி வரும் வழியில் ரேடியேட்டர் குழாய் வெடித்து, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணைத்திருக்க வேண்டும். ஆனால் பின்சீட்டில், அக்கா வழக்கமாகக் கூட்டிப்போகும் வாத்தியார் ஒருவர் அரை மயக்கத்தில் சாய்ந்து கிடந்தார். வெயிலில் நடுரோட்டில் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் வீட்டு வாசல் வரை ஓட்டினாள். அங்கே வேன் ஒருமுறை குலுங்கி நின்றுபோனது.

ஒர்க் ஷாப்பில் மெக்கானிக், எஞ்சின் ஆயிலை அளக்கும் கம்பியை உருவிக் காட்டினார். ஆயில், பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது.

"தண்ணி உள்ள இறங்கிடுச்சும்மா. எஞ்சினைப் பிரிக்கணும். மேல்மூடி ஹெட்டை இழைக்க லேத்துப் பட்டறைக்கு அனுப்பணும். பிஸ்டன், ரிங்கு எல்லாம் மாத்தணும்."

அவர் சொன்ன தொகை, அந்த வேனை விற்றால் வரக்கூடியதில் கிட்டத்தட்டப் பாதி இருந்தது.

டயாலிசிஸ் மையத்து மேலாளர் வேறு கெடு வைத்துவிட்டார். இந்த வாரம் டாக்சியை வைத்துச் சமாளித்துக்கொள்வதாகவும், திங்கட்கிழமை அக்கா வராவிட்டால் ஓட்டத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் போனில் சொன்னார். அந்த ஓட்டம் போனால் அக்கா மறுபடி யாருக்கோ சம்பளத்துக்கு ஓட்ட வேண்டியதுதான்.

நான் விசாரிக்கக் கிளம்பினேன். உதிரி பாகக் கடைகளில் ஒவ்வொன்றாக விலை கேட்டேன்; மெக்கானிக் சொன்னது சரியாகவே இருந்தது. வேறொரு ஒர்க் ஷாப்புக்குப் போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே பாதி விலை சொன்னார்கள்.

"பிரிச்ச பிறகு விலை ஏறுமா?" என்றேன்.

"அதை அப்ப பாத்துக்கலாம் மேடம்" என்று ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு வேனைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரித்துப் போட்ட பிறகு விலையை ஏற்றினால், எஞ்சினை அள்ளிக்கொண்டு எங்கே போவது? ஆனால் எங்கள் மெக்கானிக் சொன்னதில் கூலி மட்டும் இடித்தது. எங்கே கேட்டாலும் கூலி அவர் சொன்னதைவிடக் குறைவுதான்.

"பொருள் விலை நியாயம். கூலியில ஏத்தி வெச்சிருக்காருக்கா. பேசிக் குறைக்கலாம்."

"நான் பேசமாட்டேன்."

"ஏன்?"

"அவர் உழைப்புக்கு அவர் விலை சொல்றார். பிடிச்சா குடுக்கணும், இல்லன்னா வண்டிய எடுத்துட்டுப் போகணும். நடுவுல என்ன கெஞ்சல்?"

"கெஞ்சல் இல்ல. கணக்கு."

"பெரிய கணக்குப்பிள்ளை! சுத்தின ஊர்லயெல்லாம் இதைத்தான் படிச்சியா?" என்றவள், அங்கேயே போனை எடுத்தாள். "அண்ணே, நீங்க சொன்ன விலைக்குச் சரி. ஆரம்பிங்க."

"சரியா?" என்று மறுமுனையில் மெக்கானிக் திகைத்துக் கேட்டார்.

"சரின்னுதானே சொன்னேன்."

மறுநாள் போய்ப் பார்த்தோம். வேன் நின்ற இடத்திலேயே நின்றது, ஒரு நட்டுகூடக் கழற்றவில்லை. அவசர வேலை ஒன்று வந்துவிட்டது என்றார் மெக்கானிக். அதற்கடுத்த நாள் ஸ்பானர் ஒன்றைக் காணோம் என்றார். அக்கா வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பிகளைத் தேய்த்தாள். அதன்பின் தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை.

சனிக்கிழமை காலை பொறுமை இழந்துவிட்டாள். "இழுத்துட்டுப் போக வண்டி சொல்லுடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஒர்க் ஷாப்புக்குள் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"சாவியைக் குடுங்க."

மெக்கானிக் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்தார். "கோவிச்சுக்காதம்மா. இன்னிக்குத் தொடங்கிடறேன்."

"புதன்கிழமையே சரின்னு சொன்னேனே! அப்புறம் என்ன தடை?"

"நீ ஒண்ணுமே கேக்கலையேம்மா."

"என்ன கேக்கணும்?"

"குறைச்சுக்கோன்னு கேக்கணும். எல்லாரும் கேப்பாங்க. அதுக்குன்னே கொஞ்சம் கூட்டிச் சொல்றது. நீ பட்டுனு சரின்னுட்ட. அந்த விலைக்கே வேலை செஞ்சா எனக்கே உறுத்துது. நானா குறைச்சா, முதல்ல சொன்னது பொய்யின்னு ஆயிடும். உன் வேனைப் பாக்கும்போதெல்லாம் தலையைச் சொறிஞ்சிட்டு வேற வண்டிக்குப் போயிடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

"நீங்க தலையைச் சொறிஞ்சதுல எனக்குப் போனது ரெண்டு நாள்."

அவர் ஸ்பானர் பெட்டியை இழுத்தார்.

"முதல்ல பிரிங்க. நான் இங்கதான் நிப்பேன். தேவையில்லாத வேலைக்குக் காசு இல்ல."

மதியத்துக்குள் ஹெட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு சிலிண்டரின் சுவரில் கோடுகள் விழுந்திருந்தன. விரல் நகத்தை அதன்மேல் இழுத்துக் காட்டினார். அக்காவும் இழுத்துப் பார்த்தாள், கோட்டின் பள்ளத்தில் நகம் மாட்டியது. சொன்ன வேலை அத்தனையும் வேண்டியதுதான் என்பதில் இனி சந்தேகமில்லை. ஆனால் லேத்திலிருந்து வர புதன், வியாழன் ஆகிவிடும் என்றார்.

அக்கா சுவரோரம் நின்றிருந்த அவருடைய காரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"விலையைக் குறைக்க வேண்டாம்ணே. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். கூட்டிச் சொன்னதுக்கு ஈடா, வேன் வர்ற வரைக்கும் உங்க காரைக் குடுங்க."

"என் காரா? அது ஒரு மாதிரியான வண்டிம்மா."

"ஓடுமா?"

"ஓடும். கிளட்ச் கொஞ்சம் வழுக்கும். இடப்பக்கப் பின்கதவு உள்ளேருந்து திறக்காது. சரி பண்ண நேரமே கிடைக்கல."

"மெக்கானிக் வண்டி இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான்.

இரண்டு பேருமே என்னை முறைத்தார்கள். முறைத்த கையோடு மெக்கானிக் மேஜை டிராயரிலிருந்து கார் சாவியை எடுத்து நீட்டினார். அவர் தோள் இறங்கியதைப் பார்த்தபோது, கூட்டிச் சொன்ன விலையின் பாரத்தைக் கீழே வைத்துவிட்டார் என்று தோன்றியது.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். வேனில் ஒரே நடையாகப் போனவர்களைக் காரில் இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அக்கா வழக்கமாகக் கூட்டிப்போகும் டெய்லரம்மாவின் சக்கர நாற்காலி டிக்கிக்குள் முழுதாக நுழையவில்லை. கயிறு போட்டுக் கட்டினோம். மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறியது, கார் நகரவில்லை.

"இறங்கித் தள்ளணுமாம்மா?" என்றார் பின்சீட்டிலிருந்து வாத்தியார்.

"நீங்க பேசாம உக்காருங்க சார். தள்ளுறதுக்குத்தான் இவளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்." நான் இறங்கித் தள்ளினேன்.

மையத்து வாசலில் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். கொஞ்சம் தாமதம்தான். காரை, கயிற்றை, வெளியே துருத்தி நின்ற சக்கரத்தை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இதுவா வண்டி?"

"வியாழக்கிழமை வரைக்கும் இதுதான் சார்" என்றபடி அக்கா கயிற்றை அவிழ்த்தாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாத்தியார், நான் வெளியிலிருந்து திறந்துவிட்ட கதவு வழியாக இறங்கி, மேலாளரின் தோளையே பிடிமானமாக ஊன்றிக்கொண்டு உள்ளே நடக்கத் தொடங்கிவிட்டார். பாவம், மேலாளரும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று.

"ரெண்டாவது நடைக்கு லேட்டாகுது, ஏறுடி" என்றாள் அக்கா. நான் கதவைச் சாத்துவதற்குள் கார் நகர்ந்துவிட்டது.