சீர் வண்டிக்குப் பின்னால் ஜெனரேட்டர்

குன்றக்குடி ரோட்டு இறக்கத்தில், சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் கல்யாணச் சீர் ஏற்ற என் பிக்கப்பைக் கூப்பிட்டார்கள். பீரோ, கட்டில், கிரைண்டர், பித்தளை அண்டாக்கள். வண்டி தாங்கும் எடை அதிலேயே முடிந்துவிட்டது. அப்புறம் பெண்ணின் தாய்மாமா, மண்டபத்துக்கான சக்கரம் வைத்த ஜெனரேட்டரையும் பின்னால் மாட்டி இழுக்கச் சொன்னார்.

"அண்ணே, ஏத்துறதும் இழுக்குறதும் சேந்துதான் வண்டிக்குக் கனம். பிரேக் நிக்காது. அதுக்கு இன்னொரு நடை வாறேன்."

"சீரு ஒரே நடையில போயி இறங்கணும் தம்பி."

"ஜெனரேட்டர் சீர் இல்லையேண்ணே?"

"நம்ம வீட்டுலருந்து போறதெல்லாம் சீருதான். நல்ல காரியத்துக்குப் போகையில இப்படிப் பேசுறீகளே!"

கல்யாண வீட்டில் அதற்கு மேல் என்ன பேசுவது? மாட்டினேன். மாமாவும் முன்னால் ஏறிக்கொண்டார்.

இறக்கத்தில் பிரேக்கை முழுக்க மிதித்தும் வண்டி நிற்கவில்லை. ஜெனரேட்டர் பின்னாலிருந்து தள்ளுகிறது. எதிரே பள்ளிக்கூட வேன். சாலையோர மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்த முடிந்தது.

மாமா இறங்கி பீரோக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பின்னால இன்னும் நாலு பேரை ஏத்துவோம். கனம் இருந்தா வண்டி நிதானமாப் போகும்."

ஜெனரேட்டரைக் கழற்றினால்தான் வண்டியை எடுப்பேன் என்றேன். அவர் அசையவில்லை. மண்டபத்திலிருந்து போன் மேல் போன்.

இங்குட்டு யாராவது காலி வண்டியோடு வந்தால் கமெண்டில் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். ஜெனரேட்டரோடு மாமாவையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர் கனத்தையும் என் வண்டி தாங்காது.